பிரேக்கில் கை வைத்திருந்த பெண்

பஸ் ஓட்டுகிறவனைப் பிடித்து இன்னொருவர் ஓட்டும் பஸ்ஸில் சும்மா உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. 2009 ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தத் தண்டனை கிடைத்தது. இல்ஃபோர்டிலிருந்து நோர்ஃபோக் பக்கக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் ஒழுங்குபண்ணிய கோச் பயணம். முன் இருக்கை, பக்கத்தில் மனைவி, பின்னால் காதில் வயரைச் செருகிக்கொண்டு பதினைந்து வயது மகள். டிரைவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தியது. அவர் பிடிக்காதபோதும் அழுத்தியது.

"காலை எடுங்கோ. கோச்சின்ரை தரை ஓட்டையாகப் போகுது," என்றாள் மனைவி.

அவள் பகிடியாகச் சொன்னாலும் அவள் முகத்தில் பகிடி இல்லை. அந்தக் கால்தான் அப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினை.

பாரிசில் பல வருசம் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். குட்மேய்ஸில் வீடு. இங்கே வந்துதான் சிவப்பு பஸ் ஓட்டப் படித்தேன். யூனிஃபோர்ம் போட்டு, உயரமான ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு தெருவையே எனக்கு முன்னால் வைத்துக்கொண்டு செய்யும் வேலை. முதல் நாள் யூனிஃபோர்மோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கியவன் நான். வீட்டில் பால் இருந்தது.

அந்த வருசம் பங்குனி மாதத்தில், பக்கத் தெரு ஒன்றிலிருந்து ஒரு சைக்கிள்காரன் திடீரென்று குறுக்கே வந்தான். பிரேக்கை அடித்தேன். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பஸ்ஸுக்குள் இறங்குவதற்காக எழுந்து நின்ற ஒரு வயதான பெண்மணி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கமெராவைப் போட்டுப் பார்த்துவிட்டு, என் மேல் பிழை இல்லை, வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று கம்பனி சொல்லிவிட்டது. மூளை அதை ஏற்றுக்கொண்டது. கால் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு என் கால் எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தது. புறாவுக்குப் பிடித்தது. பச்சை விளக்குக்குப் பிடித்தது. காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பைக்குப் பிடித்தபோது மேல் தட்டிலிருந்து ஒருவன் இறங்கி வந்து, "உனக்கு லைசென்ஸ் யார் தந்தது?" என்று கேட்டான். முறைப்பாடுகள் வந்தன. டொக்டர் லீவு தந்தார். லீவும் முடிந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை கம்பனியின் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, வெறும் பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். சரியென்றால் பழைய ரூட். சரியில்லையென்றால் இனி ஆட்களை ஏற்றி ஓட்ட விடமாட்டார்கள். கராஜில் பஸ் கழுவும் வேலை இருக்கிறது என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பஸ் கழுவுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அவ்வளவு கோப்பை கழுவியவன் சுற்றிச் சுழன்று திரும்பவும் கழுவப் போவதா?

பயணம் போவதற்கே அந்த வருசம் யாருக்கும் மனம் இருக்கவில்லை. மே மாதம் ஊரில் சண்டை முடிந்த விதத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஒரு கேக்கும் வெட்டப்படவில்லை. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் போன் அடித்துக்கொண்டிருந்த வீடுகள் அந்தக் கோச்சிலேயே இருந்தன. பயணத்தை ஒருமுறை நிறுத்தி, பிறகு, "பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?" என்று யாரோ கேட்டதால் மீண்டும் ஒழுங்குபண்ணினார்கள். போகக் கூடாது என்று சண்டை பிடித்தவர்களும் கட்லட் பெட்டிகளோடு வந்து ஏறினார்கள். பாட்டுப் போடுவதில்லை என்று மட்டும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்.

புறப்படும்போது மனைவி தன் கைப்பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முன் சில்லுகளுக்குக் கீழே சில்லுக்கொன்றாக வைத்தாள். வெள்ளைக்கார டிரைவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஏறி, மெதுவாக அவற்றை நசித்துக்கொண்டு புறப்பட்டார். எங்கள் ஆட்களை முன்பும் ஏற்றியிருப்பார் போல. என் விபத்துக்கு மனைவி கண்டுபிடித்த காரணமும் இதுதான். "கம்பனி பஸ்ஸுக்கு ஆர் தேசிக்காய் வைச்சது?" என்று பங்குனியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரும்.

கடற்கரையில் ஒரு விளையாட்டுப் பூங்கா இருந்தது. மகள் அதைப்பற்றி இன்டர்நெட்டில் முன்பே படித்து வைத்திருந்தாள். அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறதாம், முழுக்க மரமாம். முதலில் பாரிசில் கட்டி, பிறகு கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்களாம். "அப்பா, உங்களை மாதிரித்தான். இட் மூவ்ட் ஃப்ரம் பாரிஸ்," என்றாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள், பாவம். நான் சிரிக்கவில்லை.

வாசலைத் தாண்டித் திரும்பியதும் அது தெரிந்தது.

இரும்பு ரோலர் கோஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று வளைத்த குழாய்கள், அதில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இது அப்படியில்லை. இது ஒரு மரக்காடு. நிமிர்ந்த மரம், சாய்ந்த மரம், குறுக்கு மரம், அதற்கு முண்டு கொடுத்த இன்னொரு மரம் என்று ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வானத்துக்கு ஏறி நின்றன. உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்த இடங்களில் புதுப் பெயின்ட் பூசியிருந்தார்கள். சில பலகைகள் மங்கியிருந்தன, சில நேற்று அறைந்தது போலப் புதிதாக இருந்தன. இப்படித் தேய்ந்ததை மாற்றி மாற்றியே பல தலைமுறைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கழுத்து நோகும்வரை மேலே பார்த்தபடி நின்றேன்.

அப்போது ஒரு வண்டி உச்சியிலிருந்து விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த மரக்காடு முழுக்க இடித்து முழங்கியது. நான் நின்ற நிலத்தின் அதிர்வு சப்பாத்துக்குள்ளால் உள்ளங்காலுக்கு வந்தது. கட்டடம் ஆடியது. கண்ணுக்குத் தெரிய ஆடியது. வண்டி போன பிறகு, எதுவும் நடக்காதது போலத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனிதர்கள் மரத்தை வெட்டி, ஆணி அடித்து, இப்படியொன்றைச் செய்யலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்? ஒரு இடத்துக்கும் போகாத பயணம். ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிறது. அதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

வண்டி மறுபடி எங்களைக் கடந்தபோது இன்னொன்றைக் கண்டேன். முதல் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நடுவில் ஒரு பெண் இருந்தாள். கையில் ஒரு நீண்ட இரும்புப் பிடி.

"அந்தப் பெட்டை என்ன செய்யுது?" என்று மகளைக் கேட்டேன்.

"அதுதான் அப்பா பிரேக். இதிலை கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை. ஆள்தான் பிரேக் பிடிக்கிறது."

நான் வரிசையில் போய் நின்றேன். மகள் துள்ளிக்கொண்டு கூட வந்தாள். மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். "இஞ்சாருங்கோ, பிரேக் பிடிக்கிறது ஒரு சின்னப் பெட்டை. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வேலை இருக்கு. ஏறாதேங்கோ," என்றாள்.

"நான் பாக்கத்தான் வேணும்," என்றேன்.

அவள் ஏறப்போவதில்லை. ஆனால் பிளட்ஃபோர்ம் வரை வந்துவிட்டாள். நானும் மகளும் இரண்டாவது பெட்டியின் முன் ஆசனத்தில், அந்தப் பெண்ணுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தோம். மடியில் ஒரு இரும்புத் தண்டு இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கலாம். பொன்னிறத் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள், வாயில் சுவிங்கம். புறப்படப் பிடியில் கை வைத்தவள், திடீரென்று மறு கையை உயர்த்தி, "நில்லுங்கள்!" என்று கத்தினாள்.

எட்டிப் பார்த்தேன். என் மனைவி பிளட்ஃபோர்ம் ஓரத்தில் குந்தியிருந்தாள். முன் சில்லுக்கு முன்னால், தண்டவாளத்தில், பச்சையாக ஒரு தேசிக்காய் இருந்தது.

இந்த உலகத்தில் வேறு எந்தச் சாதி சனமும் அதைச் செய்திருக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எங்கள் கோச்சில் வந்த வேறு குடும்பங்களும் வரிசையில் நின்றன. அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். பொறுப்பாளர் ஒருவர் ஓடி வந்து தேசிக்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபோர் சேஃப்டி," என்றாள் மனைவி, தலையை நிமிர்த்திக்கொண்டு.

"அம்மா, நாங்கள் நிறுத்தியதும் அதற்காகத்தான்," என்றார் அவர். கோபப்படவில்லை. ஆனால் தண்டவாளத்தில் எது விழுந்தாலும், எல்லோரையும் இறக்கி, ஒருமுறை வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அது அவர்கள் வழக்கம். எல்லோரும் இறங்கினோம். எங்களைப் பார்த்த பார்வைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மனைவியோடு சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. அதன்பிறகு நான் அவளை மறந்துவிட்டேன்.

வெறும் ஆசனங்களோடு அந்த வண்டி மேலே போனது. கீழே ஓடும் வடம் ஒன்று அதை முனகி முனகி இழுத்தது. அந்தப் பெண் மட்டும் அதில் தனியாக இருந்தாள். உச்சிக்கு வரும்வரை பிடியில் அவள் கை சும்மா கிடந்தது. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கியது. இப்போது பிடிப்பாள் என்று என் வலது கால் பிளட்ஃபோர்மை அழுத்தியது. அவள் பிடிக்கவில்லை. வண்டி தலைகீழாகப் போவது போல இறங்கியது, அவள் பிடிக்கவில்லை. முழங்கால்களை மடித்துக் கொடுத்து, அந்த இறக்கத்தை உடம்பால் வாங்கிக்கொண்டாள். அடுத்த மேட்டில் ஏறி, அதன் முதுகில், வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன இழுப்பு. உடனே விட்டாள். அடுத்த இறக்கத்துக்கும் பிடிக்கவில்லை. சுற்றி முடியும்வரை எண்ணாமல் பார்த்தேன், ஆனால் ஒன்று தெளிவாக விளங்கியது. அவள் பிரேக்கைப் பிடித்த நேரம் கொஞ்சம். விட்ட நேரம்தான் அதிகம். கை எந்நேரமும் பிடியில் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை.

எனக்கு இதைப் பார்த்துப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நல்ல பாட்டுக்காரர் உச்சத்துக்குப் போய் இறங்கும்போது வருமே ஒரு நிம்மதி, அதுதான் வந்தது.

திரும்பவும் ஏறினோம், அதே ஆசனம். மனைவியின் கைப்பையைப் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டார். நான் குனிந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். இறக்கத்தில் ஏன் நீ பிரேக் பிடிக்கவில்லை?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "அங்கே பிடித்தால் அடுத்த மேட்டில் ஏறாது. நடுவில் நின்றுவிடும். பிறகு நீங்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்."

"கட்டடம் ஆடுகிறதே?"

"மரம் ஆடத்தான் வேண்டும்," என்று சொல்லிவிட்டு, சுவிங்கத்தை மறு கன்னத்துக்கு மாற்றினாள். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு வேலை இருந்தது.

வடம் எங்களைப் பிடித்து இழுத்தது. ஏற ஏற கிறீஸ் மணமும், வெயிலில் காய்ந்த பலகை மணமும், கீழேயிருந்து பொரித்த மீன் மணமும் வந்தன. ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு சத்தம் போட்டது. உச்சியில் கடல் முழுவதும் தெரிந்தது. சாம்பல் நிறம், அதற்கு ஒரு முடிவும் இல்லை. என் வலது காலை நான் எவ்வளவு பலமாகத் தரையில் ஊன்றியிருந்தேன் என்றால் தொடை நடுங்கியது. முன்னால் அந்தப் பெண்ணின் கை பிடியில் தளர்ந்து கிடந்தது.

பிறகு விழுந்தோம்.

மகள் வீரிட்டாள். நான் "ஐயோ அம்மா" என்று கத்தினேன், வெட்கமில்லாமல். பலகைகள் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்து தலைக்கு மேலால் போயின. அடுத்த மேட்டின் முதுகில் அது நடந்தது. உடம்பு ஆசனத்தைவிட்டு எழும்பியது. கால்களும் எழும்பின. இரண்டு கால்களும். பங்குனி மாதத்திலிருந்து, நித்திரையில்கூட அழுத்திக்கொண்டு கிடந்த என் வலது கால், எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. அழுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த சந்தோசத்தை இன்றுவரை வேறொன்றும் தரவில்லை. நான் சிரிக்கத் தொடங்கினேன். அந்த வருசம் நான் சிரித்த முதல் சிரிப்பு. சிரிக்கலாமா என்று யோசிப்பதற்கும் நேரம் இருக்கவில்லை, அடுத்த இறக்கம் வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப ஏறினேன். மகளுக்குப் பசித்து, சலித்து, அவள் போய் மனைவியோடு நின்று கட்லட் சாப்பிட்டாள். நான் தனியாக ஏறினேன். ஒவ்வொரு முறையும் அது வேறாக இருந்தது. வெயில் ஏறி மரம் சூடானபோது வேகம் கூடியது போலத் தெரிந்தது, காற்று எதிர்த்தபோது அந்தப் பெண் பிரேக்கை இன்னும் குறைவாகத் தொட்டாள். இரும்பு வண்டிகளில் நாம் எதையும் உணர்வதில்லை. இறுக்கிக் கட்டிவிட்டுச் சுழற்றுகிறார்கள். மரம் எதையும் மறைக்காது. இங்கே மூட்டு, இங்கே வளைவு, இங்கே கொஞ்சம் பழசு என்று எல்லாவற்றையும் முதுகெலும்பில் சொல்லிக்கொண்டே கொண்டுபோகும். சொல்லிவிட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து விடும். அதனால்தான் இவ்வளவு காலமாக ஆட்கள் இதைத் தேடி வருகிறார்கள் என்று நினைக்கிறேன். பின்னாட்களில் இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் மர ரோலர் கோஸ்டர்களைத் தேடித் தேடிப் போனேன். தலை நரைத்தவன் தனியாக வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது கோச்சில் எல்லோரும் களைத்துப்போய் இருந்தார்கள். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "என்னிலை கோவமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நீர் தேசிக்காய் வைக்காட்டி நான் அதைக் கண்டிருக்க மாட்டன்."

"எதை?"

"செவ்வாய்க்கிழமை போறன்," என்றேன். "ஓம்," என்றாள். இத்தனை நாளும் போவீர்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். வெறும் பஸ். ரொம்ஃபோர்ட் ரோட்டில் ஏறியதும் என் கால் பிரேக்குக்குப் போனது. போனதை நான் தடுக்கவில்லை. அதை அங்கே பிடியின் மேல் கை போல வைத்திருந்தேன், அழுத்தவில்லை. ஒரு சிவப்பு விளக்குக்கு முன்னால் பஸ்ஸைத் தானாக ஓய்ந்துவர விட்டு, கடைசியில் மெதுவாகத் தொட்டேன். ஒரு புறா வந்தது. அது பறக்கும் என்று நம்பினேன். பறந்தது. கராஜுக்குத் திரும்பியதும் பயிற்சியாளர், "நாளை மறுநாள் காலை ஷிப்ட், வருவாயா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த முதல் காலை ஷிப்டில், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு தாதி ஏறினாள். இரவு வேலை முடிந்து வருகிறவள். கோட்டுக்குக் கீழே யூனிஃபோர்ம் தெரிந்தது, கண்கள் சிவந்திருந்தன. கீழ்த் தட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் கடைக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு தாய்மார், ஏறினார்கள், இறங்கினார்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அவள் இறங்கவில்லை. தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, கை மடியில் மலர்ந்து கிடக்க, அடித்துப் போட்டது போல நித்திரை.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்று பதறினாள்.

"ஒண்டும் நடக்கேல்லை. ஒரு பிள்ளை என்ரை பஸ்ஸிலை நித்திரை கொள்ளுது. இவ்வளவு தூரமும் ஒருக்காக்கூட முழிக்கேல்லை."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எழுப்பிப் போடாதேங்கோ," என்றாள்.